எஸ்பிஆர் சென்சார் வடிவமைப்பில் மரபணு அல்காரிதம்: எங்கே பிசகுகிறது?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து இறால் குட்டைகளில் வெள்ளைப்புள்ளி வைரஸைக் கண்டறியவும், டெல்டா வாய்க்கால் நீரில் பூச்சிமருந்து எச்சத்தை அளக்கவும் எஸ்பிஆர் (மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு) பயோசென்சார் ஏற்ற கருவி. மெல்லிய தங்கப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வெகுவாகக் குறையும்; தங்கத்தின் மேல் ஏதாவது ஒட்டினால் அந்தக் கோணம் நகரும், அதையே இது அளக்கிறது. பிரிசத்தின் மேல் 2-3 நானோமீட்டர் குரோமியம், அதன்மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கம், 633 நானோமீட்டர் லேசர் என்பது வழக்கமான அமைப்பு. இந்தத் தடிமன்களை மரபணு அல்காரிதத்தை (பல வடிவமைப்புகளில் நல்லவற்றைத் தேர்ந்து கலந்து, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் தேடல் முறை) வைத்துத் தேடும்போது, பெரும்பாலான பிசகுகள் நிரலில் இருப்பதில்லை. எதைத் தேடச் சொன்னோம் என்பதில்தான் இருக்கின்றன.

உணர்திறனை (ஒளிவிலகல் எண் மாறும்போது கோணம் எவ்வளவு நகர்கிறது என்பதை) மட்டும் தகுதி மதிப்பாக, அதாவது வடிவமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பெண்ணாக வைப்பது முதல் தவறு. அப்படி வைத்தால், எதிரொளிப்புக் கோட்டில் (ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்ற வரைகோட்டில்) வரும் பள்ளம் அகலமாகி ஆழம் குறைந்த வடிவமைப்புகளே ஜெயிக்கும். அந்தப் பள்ளத்தின் அடியை எந்த டிடெக்டரும் துல்லியமாகப் பிடிக்காது. உணர்திறனைப் பள்ளத்தின் பாதி ஆழத்தில் உள்ள அகலத்தால் வகுத்து, ஆழத்தால் பெருக்குங்கள். அதோடு, கரைசல் முழுவதன் ஒளிவிலகல் எண்ணையும் மாற்றிப் பார்த்து மதிப்பிடாதீர்கள். தங்கத்தின் மேல் ஒளிப்புலம் நீருக்குள் சுமார் 200 நானோமீட்டர் நீள்கிறது; ஒட்டும் ஆன்டிபாடி (தேடும் பொருளைப் பிடிக்கும் புரதம்) அடுக்கோ 10 நானோமீட்டர் அளவுதான். அந்த 10 நானோமீட்டரில் மட்டும் எண்ணை மாற்றிக் கணக்கிட்டால், வெற்றி பெறும் வடிவமைப்பே வேறாக இருக்கும்.

கணக்கிடும் கோணங்களுக்கு இடையிலான படியும் ஏமாற்றும். பிகே7 என்ற கண்ணாடியால் ஆன பிரிசத்தில் பள்ளம் 72 டிகிரிக்கு அருகே வரும். உணர்திறன் 130 டிகிரி என்று வையுங்கள்: ஒளிவிலகல் எண் 0.001 மாறினால் பள்ளம் 0.13 டிகிரி நகரும். படி 0.1 டிகிரியாக இருந்தால் விடை 100 அல்லது 200 என்றே வரும். அல்காரிதம் அந்தப் பொய்யான 200-ஐத் துரத்தும். படியை 0.01 ஆக்கி, பள்ளத்தின் அடியிலுள்ள சில புள்ளிகளில் பரவளையம் பொருத்துங்கள்.

குரோமியத்தைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். அது ஒளியை நன்றாக உறிஞ்சும். கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் அடுக்கு) சேர்த்தால் தடிமன் 0.34 நானோமீட்டரின் முழு மடங்காக மட்டுமே இருக்க முடியும், எனவே அடுக்கு எண்ணிக்கையை முழு எண்ணாகக் குறியிடுங்கள். தங்கத் தடிமனின் கீழ் எல்லையை 30 நானோமீட்டருக்குக் கீழே இறக்க வேண்டாம். மிக மெல்லிய தங்கம் தீவுத் தீவாகப் படியும், ஜான்சனும் கிறிஸ்டியும் 1972இல் வெளியிட்ட தங்கத்தின் ஒளியியல் மதிப்புகள் அங்கே பொருந்தா. பூச்சு இயந்திரத்தில் தடிமன் பிசகும் என்பதால், ஒவ்வொரு வடிவமைப்பையும் ±2 நானோமீட்டர் தள்ளிக் கணக்கிட்டு, வரும் மதிப்புகளில் மோசமானதையே தகுதியாக எடுங்கள்.

மாறிகள் இரண்டு மூன்றுதான் என்றால் மரபணு அல்காரிதம் போன்ற பரிணாம அல்காரிதமே தேவையில்லை. எல்லா மதிப்புகளையும் வரிசையாகக் கணக்கிட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் டிஃபரென்ஷியல் எவல்யூஷன் (வடிவமைப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சேர்த்துப் புதியவற்றை உருவாக்கும் பரிணாம முறை) நல்லது: கூட்டத்தின் அளவு மாறிகளின் எண்ணிக்கையைப் போல் 10 மடங்கு, எஃப் (அந்த வித்தியாசத்தைப் பெருக்கும் எண்) 0.5 முதல் 0.8, சிஆர் (கலக்கும் விகிதம்) 0.9. ஒரே ஓட்டத்தை நம்பாமல் வெவ்வேறு தொடக்கங்களுடன் 20 முறையாவது ஓட்டுங்கள். விடைகள் சிதறினால் தேடல் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

குட்டைத் தண்ணீர் ஆய்வகத் தண்ணீர் அல்ல. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0001 குறையும், லிட்டருக்கு 1 கிராம் உப்பு கூடினால் ஏறத்தாழ 0.0002 ஏறும். ஒரு சதுர மில்லிமீட்டரில் 100 பிகோகிராம் புரதம் ஒட்டினால் கிடைக்கும் சமிக்ஞையும் 0.0001 அளவுதான். வடகிழக்குப் பருவமழை குட்டையின் உப்பைக் குறைத்தாலே சென்சார் தவறாகச் சொல்லிவிடும். ஆன்டிபாடி பூசாத ஒப்பீட்டுத் தடம் (அதே நீரை அளக்கும் இரண்டாவது பகுதி) ஒன்று கட்டாயம். இரு தடங்களின் வித்தியாசத்தையே தகுதிச் சார்பில் வையுங்கள்.

பூச்சிமருந்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தின் மூலக்கூறு எடை சுமார் 350. ஆன்டிபாடியின் எடை 1,50,000. இவ்வளவு சிறிய மூலக்கூறு நேரடியாக ஒட்டினால் வரும் நகர்வு மிகச் சிறியது, எத்தனை தலைமுறை ஓட்டினாலும் அது பெரிதாகாது. மருந்தைப் பரப்பில் பிணைத்துவிட்டு, மாதிரி நீருடன் கலந்த ஆன்டிபாடியில் எவ்வளவு மீந்து வந்து ஒட்டுகிறது என்று அளக்கும் போட்டி முறையை முதலில் முடிவு செய்யுங்கள். தடிமன் தேடல் அதற்குப் பிறகு.