ஹகோனே ரகசியப் பெட்டியா? முதலில் மூடியை மறந்துவிடுங்கள்

ஜப்பானின் ஹகோனே மலைப்பகுதியில் செய்யும் 'ஹிமிட்சு-பாகோ', பலகைகளைச் சரியான வரிசையில் நகர்த்தினால் மட்டுமே திறக்கும் மரப்பெட்டி. அது கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் மேல் பலகையைத்தான் இழுக்கிறார்கள். பொதுவாக அந்த மேல் பலகை கடைசியில்தான் நகரும். குட்டையான பக்கப் பலகையில் கட்டைவிரலைப் படிய வைத்து மெதுவாகக் கீழே தள்ளிப் பாருங்கள், அசையவில்லையா, மேலே தள்ளுங்கள், அதுவும் இல்லையென்றால் எதிர்ப்பக்கம். சில மில்லிமீட்டர் நகர்ந்து 'டக்'கென்று நின்றுவிடும், அவ்வளவுதான், அந்தச் சின்ன இடைவெளிதான் அடுத்த பலகைக்கு வழிவிடுகிறது. அதை நகர்த்திவிட்டு மறுபடி முதல் பலகைக்கே வரவேண்டியிருக்கும். நான் அரைமணி நேரம் முழித்தது இங்கேதான்.

ஒவ்வொரு அசைவையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு அதே வரிசை, தலைகீழாக. 4 அசைவில் திறப்பதும் உண்டு, 72 வரை போவதும் உண்டு. முதல் பெட்டிக்கு 10 போதும்.

மாட்டிக்கொண்டால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், கத்தி முனையை இடுக்கில் விடவே கூடாது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும், உலர்ந்த அறையில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்த மேல்கோலம், 'யோசெகி'. சாயம் இல்லை, எல்லாம் மரங்களின் சொந்த நிறம்தான். பல நிறக் குச்சிகளை ஒட்டிக் கட்டையாக்கி, இழைப்புளியால் காகிதம்போலச் சீவி, பெட்டிமேல் ஒட்டுகிறார்கள். பலகைகளின் இணைப்பு எங்கே என்று கண்ணுக்குத் தட்டுப்படாமல் போவதும் அந்தக் கோலத்தால்தான்.