கிரீம் லிக்யூர் மணக்கும் சாக்லேட் கேக்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

கிரீம் லிக்யூர் சேர்த்த சாக்லேட் கேக்கை முதன்முறை செய்து பார்ப்பவர்கள், மணம் தூக்கலாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், லிக்யூர் முழுவதையும் மாவுக் கலவையிலேயே ஊற்றிவிடுவதுண்டு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அளவைவிட இரண்டு மடங்கு ஊற்றிச் சுட்டபோது சமையலறை முழுவதும் அருமையாக மணந்தது. ஓவனிலிருந்து எடுத்த கேக்கோ நடுவில் குழிந்து, வெட்டும்போது உதிர்ந்து, வாயில் வைத்தால் வெறும் சாக்லேட் கேக்காகவே இருந்தது. சமையலறையில் அவ்வளவு மணந்ததன் பொருள், அந்த மணம் கேக்கைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது என்பதே என்று பிறகுதான் விளங்கியது.

ஆகவே இந்தச் செய்முறையில் லிக்யூரை மூன்று இடங்களில் பிரித்துச் சேர்க்கிறோம். மாவுக் கலவையில் 150 மி.லி., சுட்ட கேக்கின் மேல் ஊறவைக்க 60 மி.லி., சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்து மேலே பூசும் கனாஷ் என்னும் பூச்சில் 60 மி.லி. என மொத்தம் 270 மி.லி. தேவைப்படும். முதல் பங்கு கேக்கின் மென்மைக்காக. நாக்குக்கும் மூக்குக்கும் எட்டும் மணம் பின்னிரண்டு பங்குகளிலிருந்தே வருகிறது.

லிக்யூரைப் பற்றிச் சிறிது

லிக்யூர் என்பது சர்க்கரையும் மணப்பொருள்களும் சேர்த்த இனிப்பு மது. அதில் பாலேட்டையும் சேர்த்துப் பிரியாதபடி கலந்தால் கிரீம் லிக்யூர். இவற்றுள் பலரும் அறிந்தது, அயர்லாந்தில் 1974-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த பெய்லிஸ் என்னும் ஐரிஷ் கிரீம். ஐரிஷ் விஸ்கி, பாலேடு, சர்க்கரை ஆகியவற்றோடு கொக்கோவின் சாயலும் வெனிலாவின் சாயலும் அதில் ஏற்கெனவே இருப்பதால், சாக்லேட்டுக்கு அது வெகு இயல்பாகப் பொருந்துகிறது. தென்னாப்பிரிக்காவில் மருலா என்னும் பழத்திலிருந்து செய்யப்படும் அமருலாவையும் இதே அளவில் பயன்படுத்தலாம். கேக்கில் சற்றே பழவாசம் தெரியும். இவ்விரண்டிலும் ஆல்கஹால் 17 விழுக்காடு.

இதைக் கையாளும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கிரீம் லிக்யூரில் இருப்பது பால். எலுமிச்சைச் சாறோ மோரோ பட்டால், பால் திரிவதைப் போலவே இதுவும் திரிந்துவிடும். சாக்லேட் கேக்குகளில் பலர் மோர் சேர்ப்பார்கள். இங்கே வெறும் பாலையே பயன்படுத்துவதற்கு அதுவே காரணம். திறந்து பல மாதங்களான புட்டியாக இருந்தால், முதலில் ஒரு கரண்டி ஊற்றி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ கட்டிகளோ இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தேவையான பொருள்கள்

எல்லாவற்றையும் சமையல் தராசில் நிறுத்து எடுப்பதே பாதுகாப்பானது. கொக்கோத் தூளையும் மைதாவையும் கோப்பையில் அளந்தால், அள்ளும் கையின் அழுத்தத்தைப் பொறுத்து எடை வெகுவாக மாறிவிடும்.

உலர்ந்த பொருள்கள்: மைதா 220 கிராம், இனிப்புச் சேர்க்காத கொக்கோத் தூள் 65 கிராம், சர்க்கரை 330 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இந்த அளவு கேக்குக்குச் சர்க்கரை வழக்கமாக 400 கிராம் வரை போகும். லிக்யூரிலேயே இனிப்பு இருப்பதால் குறைத்திருக்கிறேன்.

ஈரப் பொருள்கள்: முட்டை 2, வாசனையற்ற சமையல் எண்ணெய் 120 மி.லி., பால் 120 மி.லி., கிரீம் லிக்யூர் 150 மி.லி., வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூளை 200 மி.லி. வெந்நீரில் கரைத்த பாலில்லாக் காபி. காபியின் சுவை கேக்கில் தனியாகத் தெரியாது. கொக்கோவின் கசப்பை ஆழமாக்குவதே அதன் வேலை.

கனாஷுக்கு: கொக்கோ 50 முதல் 60 விழுக்காடு உள்ள டார்க் சாக்லேட் 200 கிராம், 35 விழுக்காடு கொழுப்புள்ள கிரீம் 150 மி.லி., லிக்யூர் 60 மி.லி. மில்க் சாக்லேட் வேண்டாம். இனிப்பின் மேல் இனிப்பாகித் திகட்டிவிடும். 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சாக்லேட்டோ தன் கசப்பால் லிக்யூரை மூழ்கடித்துவிடும்.

ஓவனும் டின்னும்

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் வைத்து, குறைந்தது 15 நிமிடங்கள் முன்னதாகவே சூடாக்குங்கள். உள்ளே விசிறி சுழலும் ஓவனாக இருந்தால் 160 டிகிரி போதும். 20 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள இரண்டு வட்ட டின்களின் உட்புறத்தில் எண்ணெய் தடவி, அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பரை இடுங்கள். டின்னைச் சுற்றி மைதா தூவும் வழக்கம் உண்டு. சாக்லேட் கேக்கில் அது வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும் என்பதால் கொக்கோத் தூளையே தூவிக்கொள்ளலாம். முட்டையும் பாலும் லிக்யூரும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரமாவது வெளியில் இருந்திருக்க வேண்டும்.

கலவையைத் தயாரித்தல்

முதலில் மைதா, கொக்கோ, பேக்கிங் பவுடர், பேக்கிங் சோடா ஆகியவற்றை ஒரு பெரிய பாத்திரத்தில் சலித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் சோம்பல் கூடாது; கொக்கோத் தூள் சிறு சிறு கட்டிகளாக உறையும் தன்மை உடையது, அந்தக் கட்டிகளை ஈரம் பட்ட பிறகு உடைக்க முயன்றால் கலவையை அளவுக்கு மீறி அடிக்க நேரிடும். சலித்ததும் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து, விஸ்க் என்னும் கம்பி மத்தால் நன்கு கலந்துவிடுங்கள்.

வேறொரு பாத்திரத்தில் முட்டைகளை உடைத்து ஊற்றி, மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகும் வரை மட்டும் அடித்து, அதில் எண்ணெய், பால், வெனிலா, லிக்யூர் ஆகியவற்றை இதே வரிசையில் சேர்த்துக் கலக்குங்கள். இந்த ஈரக் கலவையை உலர்ந்த மாவின் நடுவில் குழி செய்து ஊற்றி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை கிளறுங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட வேண்டாம். மைதாவில் ஈரம் பட்டுக் கிளறக் கிளற அதன் புரதங்கள் இணைந்து இழுவை கூடும். ரொட்டிக்கு வேண்டியது அந்த இழுவை. கேக்குக்கு அது வேண்டாதது.

இறுதியாகக் காபி. அது சூடாக இருக்க வேண்டும், ஆனால் கொதித்துக்கொண்டிருக்கக் கூடாது. இறக்கி ஐந்து நிமிடங்கள் ஆறியதாக இருந்தால் சரி. ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் முட்டை ஆங்காங்கே வெந்து திரளக்கூடும். காபியின் சூடு பட்டதும் கொக்கோவின் மணம் விரிந்து எழுவதை நீங்களே உணர்வீர்கள்.

இந்த நிலையில் கலவை தோசை மாவைவிட நீர்த்திருக்கும். புதிதாகச் செய்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்து இன்னும் இரண்டு கரண்டி மைதாவைச் சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்காதீர்கள். எண்ணெயில் செய்யும் சாக்லேட் கேக்கின் கலவை நீர்த்துத்தான் இருக்கும்; மறுநாளும் அது உலராமல் இருப்பதற்கு அந்த ஈரமே காரணம்.

சுடுதல்

கலவையை இரண்டு டின்களிலும் சமமாக ஊற்றுங்கள். கண்ணளவை நம்பாமல் டின்களைத் தராசில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 650 கிராம் இருக்கும். டின்னை மேடையில் இரண்டு முறை மெல்லத் தட்டிக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றிவிட்டு, உடனே ஓவனின் நடுத்தட்டில் வையுங்கள். சோடா ஈரத்தில் பட்ட நொடியிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிவிடுவதால் கலவையைக் காக்க வைக்கக்கூடாது.

30 முதல் 35 நிமிடங்கள் ஆகும். முதல் 25 நிமிடங்களுக்கு ஓவனின் கதவைத் திறக்க வேண்டாம். அதன்பின் பல்குத்தும் குச்சியை நடுவில் செருகி எடுத்துப் பாருங்கள். ஈரக் கலவை ஒட்டியிருந்தால் இன்னும் ஐந்து நிமிடங்கள் தேவை. ஓரிரு பொருக்குகள் மட்டும் ஒட்டியிருந்தால் அதுவே சரியான பதம். குச்சி முற்றிலும் சுத்தமாக வரும் வரை காத்திருந்தால் சற்றே உலர்ந்துபோக வாய்ப்புண்டு. விரலால் நடுவில் மெல்ல அழுத்தினால் பஞ்சுபோல் திரும்பி எழுவதும் நல்ல அடையாளம். டின்னோடு 10 நிமிடங்கள் ஆறவிட்டு, ஓரத்தில் கத்தியை ஒருமுறை சுற்றி ஓட்டி, கம்பித் தட்டின் மேல் கவிழ்த்துப் பேப்பரை உரித்துவிடுங்கள்.

ஊறவைத்தல்

கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போது, அதாவது கவிழ்த்து ஏறக்குறைய 15 நிமிடங்கள் கழித்து, குச்சியால் ஒவ்வோர் அடுக்கிலும் இருபது முப்பது இடங்களில் துளையிடுங்கள். அடுக்குக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மி.லி. என்ற கணக்கில் லிக்யூரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். ஓரங்கள்தான் முதலில் உலரும் என்பதால் அங்கே சற்றுக் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் தடவுவது நல்லது. ஓவனிலிருந்து எடுத்த சூட்டிலேயே தடவினால் மணம் மறுபடியும் ஆவியாகிவிடும். முழுவதும் ஆறிய பிறகு தடவினாலோ உள்ளே இறங்காமல் மேலே பசையாக நின்றுவிடும். தடவியபின் குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான கேக்கின் மேல் கனாஷ் நிற்காது.

கனாஷ்

சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் இடுங்கள். கிரீமைச் சிறு தீயில் வைத்து, ஓரங்களில் குமிழ்கள் தோன்றியதும் இறக்குங்கள். பொங்க விட வேண்டாம். சூடான கிரீமைச் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடங்கள் தொடாமல் வைத்திருங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கிச் சிறு வட்டங்களாகக் கிளறி, மெல்ல மெல்ல வட்டத்தைப் பெரிதாக்குங்கள். பளபளப்பாக ஒன்று சேர்ந்ததும், கிண்ணத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும் நிலையில், 60 மி.லி. லிக்யூரை மூன்று தவணையாகச் சேர்த்துக் கலக்குங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த லிக்யூரை அப்படியே ஊற்றினால் சாக்லேட்டிலுள்ள கொழுப்பு திடீரென உறைந்து, கனாஷ் மணல்போல் ஆகிவிடும்.

அப்படியும் ஒருவேளை எண்ணெய் பிரிந்து திரிந்ததுபோலத் தோன்றினால், தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலை விட்டு நடுவிலிருந்து மறுபடி கிளறினால் பெரும்பாலும் கூடிவிடும். கூடாவிட்டால் இன்னொரு கரண்டி.

கனாஷ் முதலில் ஊற்றும் பதத்தில் இருக்கும். பூசும் பதத்துக்கு இறுக ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அவசரப்பட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஓரம் கல்லாகவும் நடு நீராகவும் இருக்கும். வைத்தே ஆக வேண்டுமானால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள்.

அடுக்குதல்

ஓர் அடுக்கைத் தட்டில் வைத்து, அதன்மேல் கனாஷில் பாதியை விளிம்புக்கு ஒரு விரற்கடை உள்ளே நிற்கும்படி பரப்புங்கள். மேலடுக்கின் எடையே அதை ஓரம்வரை தள்ளிவிடும். இரண்டாவது அடுக்கை வைத்து மீதியை மேலே பூசுங்கள். இந்த அளவு நடுவுக்கும் மேற்புறத்துக்கும் மட்டுமே போதும். பக்கங்களையும் மூட விரும்பினால் கனாஷை ஒன்றரை மடங்காகச் செய்துகொள்ளுங்கள். பக்கங்களை மூடாமல் விட்டால் கேக்கின் கருநிற அடுக்குகளும் இடையில் ததும்பும் கனாஷும் தெரியும், எனக்கு அதுவே அழகாகப் படுகிறது.

யாருக்குப் பரிமாறலாம்

சுட்டால் ஆல்கஹால் முழுவதும் போய்விடும் என்று சொல்லப்படுவது சரியன்று. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, மதுவைக் கலந்து 30 நிமிடங்கள் சுட்ட பண்டத்தில் ஏறக்குறைய 35 விழுக்காடு ஆல்கஹால் எஞ்சியிருக்கும். அந்தக் கணக்கில் மாவில் ஊற்றிய 150 மி.லி. லிக்யூரிலிருந்து 9 மி.லி. ஆல்கஹாலும், சூடு படாத 120 மி.லி. லிக்யூரிலிருந்து 20 மி.லி. ஆல்கஹாலும் கேக்கில் இருக்கும். 12 துண்டுகளாக வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான லிக்யூரைக் குடித்ததற்கு ஈடான அளவு. எனவே குழந்தைகளுக்கும், கருவுற்றிருப்பவர்களுக்கும், மதுவைத் தவிர்ப்பவர்களுக்கும் இதைக் கொடுக்கக்கூடாது. பரிமாறும் முன் விருந்தினர்களிடம் சொல்லிவிடுவது கடமை. மது சேராதவர்களுக்கென்று தனியே செய்வதானால், மாவில் லிக்யூருக்குப் பதில் அதே அளவு பாலையும், ஊறவைக்கவும் கனாஷுக்கும் இனிப்பிட்ட காபி கலந்த கிரீமையும் பயன்படுத்தலாம்.

செய்த அன்றைவிட மறுநாள் இந்தக் கேக் மேலும் நன்றாக இருக்கும்; ஊறிய லிக்யூர் அதற்குள் அடுக்கு முழுவதும் சீராகப் பரவியிருக்கும். காற்றுப் புகாத பெட்டியில் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள்கள் தாங்கும். உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்துவிடுங்கள். குளிரில் கனாஷ் இறுகி, மணமும் அடங்கிக் கிடக்கும். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால், ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைத்துக்கொண்டு வெட்டினால் துண்டுகள் பிசிறில்லாமல் வரும்.