மாணவர் மியூசிக் வீடியோ: முதலில் வெயிலைப் பாருங்கள், பிறகு இடம், கடைசியில் லைட்

மாணவர்கள் எடுக்கும் மியூசிக் வீடியோக்களில் பாட்டும் ஆட்டமும் நன்றாக இருந்தும் முகம் இருட்டடித்துப் போவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் நல்ல இடத்தைத் தப்பான நேரத்தில் எடுத்திருப்பார்கள். வாடகை லைட்டுக்கு அலைவதற்கு முன்னால், அந்த இடத்தில் எந்த மணிக்கு எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் ஒரே நாளில் முடிக்கும் 4 நிமிடப் பாட்டை வைத்து இதைப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு 3 இடம் போதும். சாமான்களைக் கட்டி ஏற்றி, இறக்கி விரிக்கவே ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் போய்விடும். 4வது இடத்துக்கு ஆசைப்பட்டால் சாயங்கால வெளிச்சம் கையை விட்டுப் போகும். பல்லவி, இடையிசை, சரணம் என்று பாட்டைப் பிரித்து, நிமிடம் விநாடியோடு தாளில் எழுதி, எதிரே இடத்தைக் குறியுங்கள். பல்லவி திரும்பத் திரும்ப வரும். அதை 3 இடத்திலும் எடுத்தால்தான் எடிட்டில் இடம் விட்டு இடம் தாவ முடியும். சரணத்துக்கு ஒரே இடம் போதும்.

இடம் பார்ப்பது

ஷூட் நடக்கப்போகும் அதே மணிக்குப் போய்ப் பாருங்கள். சென்னைக் கடற்கரை கிழக்கு பார்த்தது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும்; வெறும் நிழலுருவம்தான் வரும். முகம் தெரிய வேண்டுமென்றால் அவர் கடலைப் பார்த்து நிற்கட்டும், கேமரா அலையோரத்திலிருந்து கரையைப் பார்க்கட்டும். கடல்தான் பின்னணியில் வேண்டுமென்றால் மாலையில் வாருங்கள், மேற்கு வெயில் நேராக முகத்தில் விழும். ஆனால் கரையோரக் கட்டடங்கள் சூரியனைச் சீக்கிரம் மறைத்துவிடும். அஸ்தமன நேரத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். சூரிய உதயம் மாதத்தைப் பொறுத்து சுமார் 5.40-லிருந்து 6.35-க்குள் இருக்கும். அரை மணி முன்பே எல்லோரும் உடை மாற்றித் தயாராக இருக்க வேண்டும்.

நண்பகலில் வெளியே எடுக்கவே வேண்டாம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும், கண்குழிகள் கறுத்துப்போகும். அந்த நேரத்தை வகுப்பறைக்கு ஒதுக்குங்கள்.

கல்லூரிக்குள் எடுக்கத் துறைத் தலைவரின் கையெழுத்திட்ட கடிதம் கையில் இருக்கட்டும். மாமல்லபுரம் சிற்பங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, ரயில் நிலையம் ரயில்வேயின் இடம். இரண்டுக்கும் முன்அனுமதி வேண்டும், மாணவர் படம் என்றாலும்.

கேமராவும் பாட்டும்

நொடிக்கு 25 பிரேம் (அதாவது 25 படம்), ஷட்டர் 1/50 (ஒவ்வொரு படத்துக்கும் ஐம்பதில் ஒரு நொடி வெளிச்சம் உள்ளே வரும்). நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கில் டியூப் லைட் பட்டை பட்டையாக ஓடாது. வெளி வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப் 2.8 என்று வைத்தால் சுமார் 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வெளிச்சம் அதிகம். அதைக் குறைக்க என்டி 64 ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும், வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடி) தேவை. ஃபில்டர் இல்லையென்று ஷட்டரை 1/2000-க்கு ஏற்றினால் ஆட்டம் வெட்டி வெட்டித் தெரியும். ஏசி அறையிலிருந்து கடற்கரைக்குக் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே அரை மணி வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

பாட்டை ஓட்டும் ஸ்பீக்கரை, சினிமாக்காரர்கள் இன்னமும் ‘நாக்ரா’ என்று சொல்வதை, கேமராவுக்கு அருகில் வைப்பதுதான் வழக்கமான தவறு. தூரத்தில் நிற்பவருக்குப் பாட்டு தாமதமாகக் கேட்கும். 34 மீட்டருக்கு ஒலி வந்துசேர சுமார் 0.1 நொடி ஆகும், அதாவது இரண்டரை பிரேம். ஸ்பீக்கர் பாடுபவர் பக்கத்தில் இருக்கட்டும்; தூர ஷாட்டில் கேமராவில் பதிவான ஒலியை வைத்துப் பொருத்தாமல் உதட்டைப் பார்த்துப் பொருத்துங்கள். வாயை மட்டும் அசைத்தால் பொய்யென்று தெரிந்துவிடும். சத்தமாகப் பாடச் சொல்லுங்கள், கழுத்து நரம்பு அசைய வேண்டும்.

ஸ்லோமோஷனுக்கு 50 பிரேமில் எடுத்து 25-இல் ஓட்டுவதானால் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்க விடுங்கள், அப்போதுதான் மெதுவாக ஓட்டும்போது உதடு பாட்டோடு சேரும். இதற்கு முந்தைய நாளே பழக வேண்டும். பல கேமராக்கள் ஸ்லோமோஷன் முறையில் ஒலியைப் பதியாது. அதனால் எந்த வரி, எத்தனையாவது டேக் என்று தாளில் எழுதிக் காட்டிவிட்டு எடுங்கள்.

வகுப்பறையில்

முதலில் டியூப் லைட்டுகளை அணையுங்கள். பகல் வெளிச்சத்தோடு கலந்தால் தோல் பச்சையடிக்கும். ஒரு பக்க ஜன்னல்தான் கீ லைட், அதாவது முகத்துக்கான முதன்மை வெளிச்சம். நேர் வெயில் உள்ளே விழுந்தால் ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். மறுபக்கம் 4 அடி தெர்மாகோல் ஷீட்டைப் பிடித்தால் நிழல் தணியும். ஜன்னலிலிருந்து 1 மீட்டரில் நின்றவர் 2 மீட்டருக்கு நகர்ந்தாலே வெளிச்சம் சட்டென்று குறையும்; ஆடும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். சுவர் பச்சையோ நீலமோ என்றால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். அந்தப் பக்கம் கறுப்புத் துணி கட்டுங்கள்.

இரவு மொட்டை மாடி

இங்கேதான் வாடகை லைட் தேவைப்படும். 100 அல்லது 200 வாட் எல்இடி ஒன்றும், நிறம் மாற்றும் எல்இடி டியூப் இரண்டும் போதும். பெரியதைக் கேமராவுக்கு எதிர்ப்பக்கம் உயரத்தில், பாடுபவரின் பின்பக்கவாட்டில் நிறுத்தினால் தலைமுடியும் தோளும் இருட்டிலிருந்து பிரியும். முகத்துக்குத் தெர்மாகோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே அழகு. காற்றில் ஸ்டாண்ட் சாயும், ஒவ்வொன்றுக்கும் மணல் மூட்டை வையுங்கள். பழைய 1000 வாட் ஹாலஜன் கிடைத்தால் ஒரு சின்ன பிளக் பாயின்ட்டில் ஒன்றுதான். அது 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இரண்டு போட்டால் ஜங்ஷன் பாக்ஸ் சூடேறி உருகும். சீரியல் பல்புகள் கேமராவில் மினுக்கும்; வாங்கும்போதே போனின் ஸ்லோமோஷனில் பார்த்துவிடுங்கள்.

100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு 2 இருக்கட்டும். ஒவ்வோர் இடம் முடிந்ததும் லேப்டாப்பில் நகல் எடுத்து, திறந்து பார்த்த பிறகே அடுத்த இடத்துக்குக் கிளம்புங்கள்.