வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைப் படிக்கும் முறை

நம் சார்பில் சட்டமியற்றப் போகிறவரை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்பதால், அவருடைய பின்னணியை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாகவே, இந்தியாவில் ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவுடன் தன் வழக்கு, சொத்து, கல்வி விவரங்களை உறுதிமொழியாகத் தெரிவிக்கும் பிரமாணப் பத்திரத்தைப் படிவம் 26-இல் தாக்கல் செய்கிறார். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதியையும் வேட்பாளர் பெயரையும் தேர்வு செய்தால் அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

முதலில் வழக்கு விவரங்களைப் பாருங்கள். வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது நியாயமாகாது. மறியலில் கலந்துகொண்டதற்கான வழக்கும் கொலை முயற்சி வழக்கும் ஒன்றல்ல. ஆகவே எந்தச் சட்டப்பிரிவு, எந்த நீதிமன்றம், அந்த நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துள்ளதா என்ற மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்தது சொத்துக் கணக்கு. வேட்பாளர் மட்டுமன்றி, அவருடைய வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்தும் கடனும் அதில் இருக்கும். நிலத்துக்கு வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு ஆகிய இரண்டும் தரப்பட்டிருப்பதால், மதிப்பு தானாக உயர்ந்ததா, புதிதாக வாங்கிச் சேர்த்ததா என்பது தெரியும். அவர் முன்பும் போட்டியிட்டவராயின், பழைய பத்திரத்தை அருகில் வைத்து ஒப்பிடுவதே மிகுந்த பயன் தரும் என்பது என் கருத்து. கல்வித் தகுதியை ஒருமுறை பார்த்தால் போதும்.

தவறான தகவல் இருப்பதற்கு ஆதாரம் கிடைத்தால், தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எதிர்ப் பிரமாணப் பத்திரம் அளிக்கலாம். தெரிந்தே பொய்த் தகவல் தருவது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.