பழைய பாய்மரக் கப்பலின் பதிவை வாசிக்கும் முறை

செட்டிநாட்டு வீட்டுப் பெட்டகத்தில் இலங்கை, பர்மா வணிகக் காலத்துச் சரக்குச் சீட்டோ இன்ஷூரன்ஸ் தாளோ அகப்பட்டால், கப்பலின் பெயருக்கு அருகில் "282 டன், ஏ1" என்பது போன்ற குறிப்பு இருக்கக்கூடும். முன்னது கொள்ளளவு, பின்னது தரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

டன் கணக்கைச் சரிபார்க்க, கப்பல் எந்த ஆண்டில் அளக்கப்பட்டது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். 1773-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டப்படி, நீளத்திலிருந்து அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கைக் கழித்து, மீதியை அகலத்தாலும் அகலத்தின் பாதியாலும் பெருக்கி, 94-ஆல் வகுத்தார்கள். 100 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள கப்பலுக்கு 85 × 25 × 12½ ÷ 94 என்று போட்டால், ஏறக்குறைய 282½ டன் வரும். இதில் ஆழத்தை யாரும் அளக்கவே இல்லை, அகலத்தின் பாதியே ஆழம் என்று வைத்துக்கொண்டார்கள். வரியும் கட்டணமும் டன் கணக்கில் விதிக்கப்பட்டதால், குறுகலாகவும் ஆழமாகவும் கப்பல் கட்டியவருக்கே இலாபம். 1836-இல் விதி மாறியது. பிறகு, 1854-ஆம் ஆண்டின் சட்டம் ஜார்ஜ் மூர்சம் என்பவர் வகுத்த முறையை ஏற்று, உட்புறத்தையே அளந்து 100 கன அடியை ஒரு டன் என்றது. ஆகவே ஒரே கப்பலுக்கு இரண்டு தாள்களில் இரண்டு எண்கள் இருந்தால், எழுத்துப் பிழை என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

தரத்துக்கு வருவோம். கப்பல்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்ட லண்டன் லாயிட்ஸ் பதிவேடு தொடக்கத்தில் உடற்பகுதியை ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற எழுத்துகளால் தரம் பிரித்தது. பாய், கயிறு, நங்கூரம் முதலியவற்றுக்குப் பின்னாளில் எண் இட்டது. ஏ1 என்றால் மரமும் உறுதி, தளவாடமும் நன்று. 1834-க்குப் பின் முதல் தரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. நல்ல ஓக்குக்கும் தேக்குக்கும் நீண்ட காலம் கிடைத்தது. கப்பலைச் சோதிக்கும் அளவையர், அதன் வங்குகளை (விலா எலும்பு போன்ற சட்ட மரங்களை) சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். ஐயம் எழுந்தால் பலகையைக் கழற்றுவார், துரப்பணத்தால் துளையிடுவார். சீவல் ஈரமாகவும் உதிரியாகவும் வந்தால் மரம் உளுத்துவிட்டது. முகப்புத் தூணைத் தட்டி ஓசை பார்க்கும் நம் ஊர் ஆசாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலப்பற்றும் (பலகை இடுக்குகளில் நீர் புகாதபடி அடைப்பது), அடிப்பகுதியைப் போர்த்திய செம்புத் தகடும் தனியே சோதிக்கப்பட்டன.

கப்பலை மேலும் தேட விரும்பினால் பெயரை நம்பாதீர்கள். கைமாறும்போது பெயர் மாறலாம். 1855 முதல் வழங்கப்பட்டு, முதன்மை விட்டத்தில் செதுக்கப்பட்ட பதிவு எண் மாறாது.