பய ஆடுறதுக்கு சீனிதான் காரணமா? காலண்டர் தாள வச்சு கண்டுபிடிக்கிறது எப்படி

எங்க வீடு செங்கோட்டை. வீட்டுக்காரருக்கு வேலை புனலூர்ல, சனிக்கிழமை ரயில்ல வரும்போது பையில பழம்பொரியும், வெல்லப்பாகுல புரட்டுன வாழைக்கா வறுவல், அதான் சர்க்கரவரட்டியும் கண்டிப்பா இருக்கும். அஞ்சு வயசுப் பய அத தின்னுட்டு ஏழு மணிக்கு சோபாவுல ஏறி குதிச்சு, கத்தி, கடைசில அழுதுட்டே தூங்குவான். எல்லாம் சீனி பண்ற வேலைனு நானும் ஆச்சியும் முடிவே பண்ணிட்டோம்.

முதல்ல எழுதுங்க. ஆப் எல்லாம் வேண்டாம், போன கையில எடுத்தாலே புடுங்க வந்துருவான். நான் கிழிச்ச காலண்டர் தாள் பின்னாடி எழுதுனேன்: என்ன தின்னான், எத்தன மணிக்கு, சோறு சாப்பிட்டது எப்ப, மதியம் தூங்குனானா, எப்ப கத்துனான்.

இங்கதான் நான் வழுக்குனேன். மூணு வாரமா இனிப்பு தின்ன நாள மட்டும் எழுதிருக்கேன்! அப்புறம் எல்லா தாளும் சீனியத்தான காட்டும்? சும்மா நாளையும் எழுத ஆரம்பிச்சா, ஒரு செவ்வாக்கிழமை, இனிப்பே கிடையாது, மதியம் தூங்கல, மூணு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடல, அதே ஏழு மணி, அதே சோபா. சனிக்கிழமையும் அப்பா வர்ற குஷில அவன் தூங்குறதில்ல, அத நான் கவனிக்கவே இல்ல.

1994ல அமெரிக்காவுல சீனியே இல்லாத பானத்த பசங்களுக்குக் குடுத்துட்டு, பாதி அம்மாக்கள்ட்ட மட்டும் சீனி குடுத்தோம்னு சொல்லிப் பாத்தாங்க. அந்த அம்மாக்கள்தான் பய ரொம்ப ஆடுறான்னாங்களாம். என்னயப் பாத்து எழுதுன மாதிரியே இருந்துச்சு. அதுக்காக அள்ளிக் குடுக்க முடியாது, பல்லு இருக்கு. அமெரிக்க இதய சங்கம் ரெண்டு வயசுக்கு மேல நாளுக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு டீஸ்பூன்ங்குது.

அடுத்து, வெறும் வயித்துல குடுக்காதீங்க. ரெண்டு இட்லி உள்ள போகட்டும்.

அப்புறம் தட்டுல எண்ணி வைங்க, டப்பாவ காட்டாதீங்க. எங்க வீட்டு சண்டைல முக்காவாசி தின்னதால வந்ததில்ல, புடுங்குனதால வந்தது. "ரெண்டு, முடிஞ்சதும் வாய் கொப்பளிச்சுட்டு மொட்டைமாடி"னு முன்னாடியே சொல்லிருவேன். கண்ணாடி பாட்டில் ஆகாது, உள்ள இருக்கது தெரியும். மூடி போட்ட எவர்சில்வர் தூக்குதான். அழுகைய நிறுத்த மூணாவது குடுத்தீங்க, அடுத்த சனிக்கிழமையும் அழுவான்.

பின்னாடி சேத்தது: கருப்பட்டி பரவால்லயானு நெறைய பேர் கேட்டுட்டீங்க. அதுவும் அந்த ஆறு டீஸ்பூன் கணக்குலதான் வரும், ஆச்சிதான் இன்னும் ஒத்துக்கல. ஓணத்துக்கு புனலூர் நாத்தனார் வீட்டுல மூணு வகை பிரதமன் பாயசம், பெரிய டம்ளர்ல ஊத்தி ஊத்திக் குடுத்தாங்க, எண்ணவே முடியல. இந்த வருசம் அவன் டம்ளர வீட்டுலருந்தே கொண்டு போறேன்.