கல்லீரலுக்குப் பரவிய குடல் புற்றுநோய்: பரிசோதனை முடிவுகளைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் போய்விட்டது என்று தெரிந்ததும் வீட்டில் பரிசோதனைத் தாள்கள் குவியத் தொடங்கும். சிஇஏ, கே-ராஸ், பி-ராஃப், எம்எஸ்ஐ. "இன்னும் எத்தனை மாதம்?" என்ற ஒரே கேள்வியோடு அத்தனையையும் புரட்டுவதுதான் முதல் தவறு. இந்த பயோமார்க்கர்கள், அதாவது நோயின் தன்மையைக் காட்டும் அடையாளங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை. நாள் குறித்துக் கொடுப்பது இவற்றில் எதுவுமில்லை.

அதிகம் பேரின் தூக்கத்தைக் கெடுக்கும் எண், இரத்தத்தில் அளக்கும் சிஇஏ. 1965-இல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்த புரதம் இது. புகைபிடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் புற்றுநோய் இல்லாமலேயே கூடும். சில கட்டிகள் இதைச் சுரப்பதே இல்லை. ஆகவே "சிஇஏ நார்மல்தானே" என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில், மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இந்த எண் தற்காலிகமாக ஏறுவதுண்டு. அதைப் பார்த்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று சிகிச்சையைக் கைவிடுவது பெரும் இழப்பு. போன மாதம் ஓர் இடத்தில் 14, இந்த மாதம் வேறோர் இடத்தில் 19 என்று வந்தால் பதற வேண்டாம். அளக்கும் முறை மாறினாலே எண் மாறும். ஒரே பரிசோதனைக் கூடத்தில் தொடர்ந்து எடுத்து, ஏறுமுகமா இறங்குமுகமா என்று பாருங்கள்.

கே-ராஸ் பற்றிய குழப்பம் இதைவிட ஆழமானது. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தினரின் கட்டியில் கே-ராஸ் மரபணு மாறியிருக்கும். அதே குடும்பத்து மரபணுவான என்-ராஸையும் சேர்த்தால் பாதிப் பேர் வரை வரும். மாற்றம் இருந்தால் கட்டியின் வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் செட்டுக்சிமாப், பானிட்டுமுமாப் ஆகிய மருந்துகள் பொதுவாகப் பலன் தராது. மறுபடி வரும் ஆபத்தும் சராசரியாகச் சற்று அதிகம். ஆனால் வழக்கமான கீமோ பலிக்காது என்றோ, கல்லீரலில் அறுவை சிகிச்சை கூடாது என்றோ இதற்குப் பொருள் இல்லை.

மாற்றம் இல்லை என்றதும் "அப்படியானால் அந்த மருந்தைக் கொடுங்கள்" என்று கேட்பதும் தவறாகலாம். பிரிட்டனில் நடந்த நியூ எபாக் ஆய்வு இதைக் காட்டியது. கே-ராஸ் மாற்றம் இல்லாத, கல்லீரல் கட்டிகளை அறுவை சிகிச்சையால் அகற்றக்கூடிய நோயாளிகளுக்குக் கீமோவோடு செட்டுக்சிமாபையும் கொடுத்தார்கள். உதவும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 81 மாதம். செட்டுக்சிமாப் சேர்ந்தவர்களுக்கு 55.4 மாதம். அதே மருந்து, அறுவை சிகிச்சை செய்ய முடியாத நிலையில், பெருங்குடலின் இடப்பக்கக் கட்டிகளுக்கு உண்மையிலேயே உதவுகிறது. மரபணு முடிவு ஒன்றாகவே இருந்தாலும் நோயாளியின் நிலை வேறானால் பதிலும் வேறாகும். என் பார்வையில், இந்த நோயைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

பி-ராஃப் என்ற மரபணுவில் வரும் வி600இ மாற்றம் கடினமான செய்திதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதற்கென்றே மருந்துகள் வந்துவிட்டன. அதோடு இந்த மாற்றம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு எம்எஸ்ஐ அளவும் அதிகமாக இருக்கும்; டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு கட்டியில் பழுதானதைக் காட்டும் அடையாளம் அது. நூற்றில் ஐந்து பேருக்குத்தான் எம்எஸ்ஐ அதிகம் என்பதால் அந்தச் சோதனையையே விட்டுவிடுகிறார்கள். அந்த ஐவரின் சிகிச்சைப் பாதையே மாறிவிடும்: கீநோட்-177 ஆய்வில் நோய் வளராமல் இருந்த காலம் கீமோவில் 8.2 மாதம், நோயெதிர்ப்பு சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தில் 16.5 மாதம். மற்ற 95 பேரில் அந்த மருந்து மட்டும் கொடுத்தால் பலன் மிக அரிது. நகையை அடகு வைத்து அதை வாங்கும் முன் எம்எஸ்ஐ முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஆயுட்கால எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இடைநிலை என்பது பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்த புள்ளி. கல்லீரல் கட்டிகளை முழுமையாக அகற்ற முடிந்தவர்களையும் முடியாதவர்களையும் ஒரே எண்ணில் அடைத்தால் அது யாருக்கும் பொருந்தாது. 2024-இல் வெளியான டிரான்ஸ்மெட் ஆய்வில், கல்லீரல் மாற்று சிகிச்சை கொடுக்கத் திட்டமிட்ட குழுவில் 57 சதவீதத்தினர் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள்; கீமோ மட்டும் என்ற குழுவில் 13 சதவீதம். ஆனால் அவர்கள் கல்லீரலைத் தாண்டி நோய் பரவாத, பி-ராஃப் மாற்றம் இல்லாத, கீமோவுக்குக் கட்டுப்பட்ட, கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகள்.

பயாப்சி எடுத்த இடத்திலிருந்து மெழுகு பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்த கட்டியின் திசுவை, வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மரபணுச் சோதனைகளுக்கு அதுதான் வேண்டும். குடலிலிருந்து எடுத்ததா, கல்லீரலிலிருந்து எடுத்ததா என்பது பெரும்பாலும் முடிவை மாற்றாது. கீமோ தொடங்கும் முன்பே கல்லீரல் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் ஸ்கேனைப் பார்த்துவிட வேண்டும். சில கட்டிகள் கீமோவுக்குப் பின் ஸ்கேனில் மறைந்துவிடும். மறைந்த இடத்தில் பல நேரங்களில் உயிருள்ள புற்றுச் செல்கள் மிஞ்சியிருக்கும். எங்கே வெட்டுவது என்பதற்கு முதல் ஸ்கேன்தான் வரைபடம்.